விண்டோஸில் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும்போது எங்கெல்லாம் முட்டும், எப்படிச் சரிசெய்வது

கம்பைல் என்றால் சோர்ஸை, அதாவது மூலநிரலை, ஓடக்கூடிய நிரலாக மாற்றுவது. அதற்கான வழியைச் சொல்லும் ரீட்மீ ஃபைலில் நான்கே கட்டளைகள் இருக்கும். அவற்றை ஒட்டி என்டர் தட்டினால் திரை முழுக்க எர்ரர். அந்த நான்கு கட்டளைகளும் பெரும்பாலும் லினக்ஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விண்டோஸில் அவற்றுக்கு முன்பாகச் செய்யவேண்டிய வேலைகளை யாரும் ஓரிடத்தில் எழுதிவைப்பதில்லை. நான் ஒவ்வொன்றாக முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சி, சி++ மென்பொருள்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தொல்லை அதிகம் அங்கேதான்.

ஒன்றை இப்போதே மனத்தில் வையுங்கள். புதியவர்களுக்கு வரும் எர்ரர்களில் பெரும்பாலானவை அந்த மென்பொருளின் கோடில் உள்ள பிழைகள் அல்ல. ஒரு கம்பைலரோடு இன்னொரு கம்பைலரின் லைப்ரரி (பிற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் தயார் கோட்), 64 பிட்டோடு 32 பிட், பழைய பில்டோடு (கம்பைல் செய்து கட்டியது) புதிய செட்டிங் என்று ஏதோ கலந்துபோனதால் வருபவை. அதனால் எர்ரர் வந்தவுடன் சோர்ஸ் ஃபைலைத் திறந்து வரிகளை மாற்றாதீர்கள். எது எதோடு கலந்தது என்று தேடுங்கள்.

1. கம்பைல் செய்யத்தான் வேண்டுமா?

மென்பொருள் ஓடினால் போதும் என்பவர்கள் முதலில் விண்டோஸின் இன்ஸ்டால் கட்டளையான விங்கெட்டில் தேடுங்கள். அடுத்து, லினக்ஸ் பாணி டூல்களை விண்டோஸுக்குத் தரும் எம்எஸ்ஒய்எஸ்2-இன் பேக்கேஜ் பட்டியலைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான திறமூல மென்பொருள்கள் அங்கே கம்பைல் செய்யப்பட்டே கிடைக்கின்றன. புதிய வசதிக்காகத்தான் என்றால், பல திட்டங்கள் அன்றாட சோதனை பில்டுகளையும் வெளியிடுகின்றன.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் இன்னொரு வழி. அதற்குள் ரீட்மீயின் கட்டளைகள் பெரும்பாலும் அப்படியே ஓடும். ஆனால் வெளிவருவது லினக்ஸ் நிரல். இரட்டைக் கிளிக்கில் திறக்கும் விண்டோஸ் இஎக்ஸ்இ ஃபைல் அல்ல. அது போதுமென்றால் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

2. எந்த ஆவணத்தை நம்புவது?

ரீட்மீ, இன்ஸ்டால், பில்டிங் என்ற பெயர்களில் ஃபைல்கள் இருக்கும். படியுங்கள், ஆனால் அப்படியே நம்பாதீர்கள். விண்டோஸ் பகுதி யாரோ எழுதிக்கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கலாம். அந்த ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று, சோர்ஸில் நடக்கும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் டூலான கிட்டின் வரலாற்றில் பார்த்தாலே எவ்வளவு பழசு என்று தெரிந்துவிடும்.

உண்மையான ஆவணம் வேறு இடத்தில் இருக்கிறது. திட்டத்தின் சோர்ஸ் கிட்ஹப் தளத்தில் இருந்தால், புள்ளியில் தொடங்கும் 'கிட்ஹப்' ஃபோல்டருக்குள் 'வொர்க்ஃப்ளோஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானாக பில்ட் செய்து பார்ப்பதற்கான ஃபைல்கள் அதில் உள்ளன. அவற்றில் 'விண்டோஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். எந்தக் கம்பைலர், எந்தெந்த லைப்ரரி, பில்ட் ஃபைல்களைத் தயாரிக்கும் டூலான சிமேக்குக்கு என்னென்ன ஆப்ஷன் என எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த பில்ட் பச்சையில் (வெற்றி என்று) இருந்தால், அந்த வரிசை ஒரு கணினியில் உண்மையிலேயே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். எந்த ரீட்மீயும் இந்த உத்தரவாதம் தராது. விண்டோஸுக்கு அப்படி ஒரு பில்டே இல்லையென்றால், அந்தத் திட்டத்தில் விண்டோஸைப் பற்றிக் கவலைப்படுபவர் யாருமில்லை என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ற நேரத்தை ஒதுக்குங்கள்.

லைசென்ஸ் ஃபைலையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குக் கவலையில்லை. ஜிபிஎல் உரிமத்தில் உள்ளதைக் கம்பைல் செய்து பிறருக்குக் கொடுத்தால், சோர்ஸையும் கொடுக்கும் கடமை உங்களுக்கு வந்துவிடும்.

3. ஒரே ஒரு டூல்செயின்

கம்பைலரும் அதோடு சேர்ந்த டூல்களும்தான் டூல்செயின். விண்டோஸில் இரண்டு பெரிய வழிகள். ஒன்று மைக்ரோசாஃப்டின் கம்பைலர், அதாவது எம்எஸ்விசி. மற்றது எம்எஸ்ஒய்எஸ்2 வழியாக வரும் மின்ஜிடபிள்யூ ஜிசிசி என்ற கம்பைலர். இரண்டும் உருவாக்கும் சி++ லைப்ரரிகள் ஒன்றோடொன்று சேராது. தயாராகக் கிடைத்த ஒரு லைப்ரரியை எம்எஸ்விசிக்காக இறக்கிவைத்துக்கொண்டு ஜிசிசியில் லிங்க் செய்ய (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்க) முயல்வதுதான் புதியவர்கள் விழும் முதல் குழி.

தேர்வுக்கு எளிய விதி: தானியங்கி பில்டில் திட்டம் எதைப் பயன்படுத்துகிறதோ அதையே எடுங்கள். அந்தத் தகவல் இல்லையென்றால், திட்டத்தில், கணினியைச் சோதித்து பில்டைத் தயார்செய்யும் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட் மட்டுமே இருக்கும்போது எம்எஸ்ஒய்எஸ்2 நல்லது. சிமேக் இருந்தால் எதுவும் சரிவரும்.

எம்எஸ்விசி: முழு விஷுவல் ஸ்டூடியோ தேவையில்லை. 'பில்ட் டூல்ஸ்' என்ற தனி இன்ஸ்டாலர் போதும். அதில் 'டெஸ்க்டாப் டெவலப்மென்ட் வித் சி++' என்பதை டிக் செய்யுங்கள். எடிட்டரும் டிபக்கரும் வேண்டுமென்றால் கம்யூனிட்டி எடிஷனை எடுத்துக்கொள்ளலாம். தனிநபருக்கு அது இலவசம். 250-க்கு மேல் கணினிகளோ ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானமோ உள்ள நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் திறமூல மென்பொருள் வேலைக்கு அங்கும் விலக்கு இருக்கிறது.

எம்எஸ்ஒய்எஸ்2: இன்ஸ்டால் செய்ததும் ஸ்டார்ட் மெனுவில் ஒரே மாதிரியான பல ஐகான்கள் தெரியும். யூசிஆர்டி64 என்பதைத் திறங்கள். வெறும் எம்எஸ்ஒய்எஸ் என்றிருப்பது கம்பைல் செய்வதற்கான விண்டோ அல்ல. முதலில் அதன் இன்ஸ்டால் கட்டளையான பேக்மேனில் முழு அப்டேட் கொடுங்கள். நடுவில் விண்டோவை மூடச் சொல்லும். மூடிவிட்டு மறுபடி திறந்து அதே கட்டளையை இன்னொருமுறை கொடுக்க வேண்டும்.

இங்கே சத்தமில்லாத ஒரு பொறி. பேக்மேனிடம் வெறுமனே 'ஜிசிசி' என்று கேட்டால் அதுவும் இன்ஸ்டால் ஆகும், கம்பைலும் செய்யும். ஆனால் உருவாகும் நிரல் எம்எஸ்ஒய்எஸ்2-இன் சொந்த டிஎல்எல்லை (நிரல் ஓடும்போது வந்து சேரும் லைப்ரரி ஃபைல்) சார்ந்திருக்கும். வேறு கணினியில் தனியாக ஓடாது. பேக்கேஜ் பெயரின் தொடக்கத்தில் 'மின்ஜிடபிள்யூ', நடுவில் 'யூசிஆர்டி' இரண்டும் இருக்கவேண்டும். சிமேக், கம்பைலை ஓடவிடும் டூலான நிஞ்சா, லைப்ரரிகள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

4. செலவு: பணமில்லை, இடமும் நேரமும்

தனிநபர் மேலே சொன்ன எதற்கும் பணம் கட்டவேண்டியதில்லை. செலவாவது டிஸ்க்கும் டேட்டாவும்தான். பில்ட் டூல்ஸுக்கு மட்டும் 10 ஜிபி ஒதுக்குங்கள். விசிபேக்கேஜ் (vcpkg) என்ற டூல் மூலம் லைப்ரரிகளை எடுத்தால் அது ஒவ்வொன்றையும் சோர்ஸிலிருந்தே கட்டும். அதுவும் இயல்பாக டிபக் (பிழை தேடுவதற்கு), ரிலீஸ் (பயன்படுத்துவதற்கு) என இரண்டு முறை. சின்ன லைப்ரரி சில நிமிடம். க்யூடி மாதிரிப் பெரிய லைப்ரரி ஒன்று சார்புப் பட்டியலில் வந்துவிட்டால் மணிக்கணக்கு. மொத்தமாக 30 ஜிபி காலியாக இல்லையென்றால் தொடங்காதீர்கள். டிஸ்க் நிறைந்ததால் பில்ட் நிற்கும்போது வரும் எர்ரர்கள் பல நேரங்களில் டிஸ்க் நிறைந்தது என்று சொல்லவே சொல்லாது.

விண்டோஸ் டிஃபெண்டரும் நேரத்தைத் தின்னும். கம்பைலர் ஆயிரக்கணக்கில் உருவாக்கும் சிறு ஃபைல்களை அது ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. சில சமயம் அப்போதுதான் உருவான இஎக்ஸ்இ ஃபைலை அது பிடித்துவைத்திருக்க, லிங்கருக்கு 'பெர்மிஷன் டினைட்' கிடைக்கும். இரண்டாம் முறை ஓடவிட்டால் சரியாகப் போகும். பில்ட் ஃபோல்டரை மட்டும் டிஃபெண்டரின் எக்ஸ்குளூஷனில் (சோதிக்க வேண்டாதவற்றின் பட்டியல்) சேருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைச் சேர்த்துவிடாதீர்கள்.

5. ஃபோல்டர் எங்கே, பெயர் என்ன?

சி டிரைவில் நேரடியாக, ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துப் பெயருடன் ஒரு ஃபோல்டர் போடுங்கள். டெஸ்க்டாப் வேண்டாம், டாக்குமென்ட்ஸ் வேண்டாம், ஒன்டிரைவ் வேண்டவே வேண்டாம். பில்ட் நடக்கும்போதே ஒன்டிரைவ் அந்த ஃபைல்களை ஒத்திசைக்க முயலும்.

ஏன் இத்தனை கறார்? பில்ட் படிகள் எழுதப்பட்ட மேக்ஃபைல்களுக்கு (makefile) இடைவெளியுள்ள பெயர் ஆகாது. உங்கள் விண்டோஸ் யூசர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் வைக்கும் எதுவும் எப்போது வேண்டுமானாலும் முறியலாம். இன்னொரு காரணம் பாதையின் நீளம். விண்டோஸில் ஃபைலின் முழுப் பாதைக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பு இருக்கிறது. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பு முதல் ரெஜிஸ்ட்ரியில் அதைத் தளர்த்தலாம், கிட்டிலும் நீண்ட பாதைக்கு ஒரு செட்டிங் உண்டு. ஆனாலும் எல்லா டூல்களும் அந்தத் தளர்வை மதிப்பதில்லை. குட்டையான பாதையே நிம்மதி.

6. சோர்ஸை இறக்குவது

'டவுன்லோட் ஜிப்' பட்டனை அழுத்தாதீர்கள். அதில் சப்மாட்யூல்கள், அதாவது திட்டம் வேறிடத்திலிருந்து இணைத்துக்கொள்ளும் சோர்ஸ்கள், வராது. 'தேர்ட்பார்ட்டி' போன்ற ஃபோல்டர்கள் காலியாகக் கிடக்க, அரை மணி நேரம் கழித்து ஏதோ ஒரு ஹெடர் ஃபைல் (லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்வது) காணவில்லை என்று எர்ரர் வரும். சோர்ஸை நகலெடுக்கும் கிட் குளோன் கட்டளையில் 'ரிகர்ஸிவ்' ஆப்ஷனோடு இறக்குங்கள். பிறகு வெளியீட்டு டேக் (வெளியான பதிப்பின் அடையாளம்) ஒன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள். வேலை நடந்துகொண்டிருக்கும் மெயின் கிளை இன்று உடைந்திருந்தால் அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

குளோன் செய்வதற்கு முன் வரி முடிவு செட்டிங்கைக் கவனியுங்கள். விண்டோஸ் கிட்டின் இன்ஸ்டாலர் இயல்பாக எல்லா டெக்ஸ்ட் ஃபைல்களையும் விண்டோஸ் பாணி வரி முடிவுக்கு மாற்றிவிடும். ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு அது விஷம். 'பேக்ஸ்லாஷ் ஆர், கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று எர்ரர் வந்தால் காரணம் இதுதான். கிட் செட்டிங்கில் 'ஆட்டோசிஆர்எல்எஃப்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டு, ஃபோல்டரை அழித்து, புதிதாகக் குளோன் செய்யுங்கள். இருக்கும் ஃபைல்களை ஒட்டுப்போட்டுத் திருத்த வேண்டாம்.

அபூர்வமாக குளோனே தோற்கும். விண்டோஸில் 'ஆக்ஸ்', 'கான்', 'நல்' போன்ற பெயர்களில் ஃபைல் வைக்க முடியாது. டாஸ் காலத்து மிச்சம் அது. லினக்ஸ் கெர்னல் சோர்ஸில்கூட 'ஆக்ஸ்.சி' என்று ஒரு ஃபைல் இருக்கிறது.

7. சரியான விண்டோவும் பாத்தும்

எம்எஸ்விசி என்றால் சாதாரண கமாண்ட் பிராம்ப்ட் உதவாது. ஸ்டார்ட் மெனுவில் 'எக்ஸ்64 நேட்டிவ் டூல்ஸ்' என்று தேடித் திறங்கள். பக்கத்திலேயே 'டெவலப்பர் கமாண்ட் பிராம்ப்ட்' என்று ஒன்று கவர்ச்சியாக இருக்கும். அது வழக்கமாக 32 பிட்டுக்குக் கம்பைல் செய்யும். உங்கள் லைப்ரரிகள் 64 பிட்டில் இருக்கும். பிறகு எல்என்கே1112 என்ற எர்ரரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

விண்டோ சரியென்றாலும் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல், கெடுக்கலாம். இந்தக் காட்சியைப் பாருங்கள். சிமேக்கை ஓடவிடுகிறீர்கள். கம்பைலரால் ஒரு சிறு சோதனை நிரலைக்கூடக் கம்பைல் செய்ய முடியவில்லை என்கிறது. கம்பைலர் நன்றாகத்தான் இருக்கிறது. எர்ரரின் உள்ளே போனால் 'லிங்க்: எக்ஸ்ட்ரா ஆப்பரண்ட்' என்று ஒரு வரி. மைக்ரோசாஃப்டின் லிங்கருக்குப் பெயர் 'லிங்க்'. யூனிக்ஸ் டூல்களிலும் ஃபைலுக்கு இணைப்பு போட அதே பெயரில் ஒரு குட்டிக் கட்டளை இருக்கிறது. கிட் அல்லது எம்எஸ்ஒய்எஸ்2-இன் ஃபோல்டர் பாத்தில் முன்னால் நிற்பதால், லிங்கரைக் கூப்பிட்டால் அந்தக் குட்டி வந்து நிற்கிறது. இதற்காக விஷுவல் ஸ்டூடியோவை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தவர்கள் உண்டு. தேவையே இல்லை.

கமாண்ட் பிராம்ப்டில் 'வேர்' கட்டளையோடு 'லிங்க்' என்று கொடுத்தால், அந்தப் பெயரில் உள்ள எல்லா நிரல்களும் பாத் வரிசைப்படி தெரியும். முதலில் நிற்பதுதான் ஓடும். பவர்ஷெல்லில் 'வேர்' என்பது வேறொரு கட்டளை. அங்கே அதன் பின்னால் புள்ளி இஎக்ஸ்இ சேர்க்க வேண்டும். இதையே பைத்தான், பெர்ல், ஜிசிசி, சிமேக் எல்லாவற்றுக்கும் செய்து பாருங்கள். விண்டோஸுக்கான பெர்ல் தொகுப்பான ஸ்ட்ராபெர்ரி பெர்ல் தன்னோடு ஒரு ஜிசிசியையும் கொண்டுவரும். பைத்தான் என்று கூப்பிட்டால் சில கணினிகளில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸ்' பகுதியில் அதை அணைக்கலாம்.

8. கான்ஃபிகர் கட்டம்

சிமேக்கை எப்போதும் தனி பில்ட் ஃபோல்டரில் ஓடவிடுங்கள். கம்பைலரை மாற்றினாலோ, ஜெனரேட்டரை (நிஞ்சா, விஷுவல் ஸ்டூடியோ என எதற்கான பில்ட் ஃபைல்களை சிமேக் எழுதவேண்டும் என்ற தேர்வு) மாற்றினாலோ, புதிய லைப்ரரி இன்ஸ்டால் செய்த பிறகும் 'கிடைக்கவில்லை' என்று அடம்பிடித்தாலோ, அந்த ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பழைய விடைகளை சிமேக் ஒரு கேஷ் ஃபைலில் சேமித்துவைத்துக்கொண்டு அதையே திரும்பச் சொல்லும்.

பழைய திட்டம் ஒன்றில் '3.5-க்குக் கீழான சிமேக்கோடு இணக்கம் நீக்கப்பட்டது' என்று வந்தால் பயப்பட வேண்டாம். 2025-இல் வந்த சிமேக் 4.0 அந்தப் பழைய ஆதரவை எடுத்துவிட்டது. 'சிமேக் பாலிசி வெர்ஷன் மினிமம்' என்ற மாறிக்கு 3.5 என்று கொடுத்தால் பெரும்பாலும் கடந்துவிடலாம்.

ரிலீஸ், டிபக் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. நிஞ்சா பயன்படுத்தினால் 'பில்ட் டைப்' என்பதைக் கான்ஃபிகரின்போதே சொல்லவேண்டும். விஷுவல் ஸ்டூடியோ ஜெனரேட்டரில் அதைச் சொன்னாலும் பயனில்லை. பில்ட் கட்டளையில் 'கான்ஃபிக்' என்று ரிலீஸைக் குறிப்பிடாவிட்டால் டிபக்தான் வரும். 'நான் கட்டிய நிரல் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?' என்ற கேள்விக்குப் பல நேரம் விடை இதுதான்.

'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட் என்றால் பொறுமையாக இருங்கள். லினக்ஸில் நொடிகளில் முடிவது இங்கே பல நிமிடம் எடுக்கும், அது தொங்கிப்போகவில்லை.

9. எர்ரரைப் படிப்பது

திரையின் கடைசி வரியைப் பார்க்காதீர்கள். 'பில்ட் ஃபெயில்டு' என்ற அந்த வரி எதையும் சொல்லாது. பல கோர்களில் ஒரே நேரத்தில் கம்பைல் ஓடும்போது உண்மையான எர்ரர் நூறு வரிக்கு மேலே புதைந்திருக்கும். இணை வேலைகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்து மறுபடி ஓடவிட்டு, வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்து, மேலிருந்து கீழாக 'எர்ரர்' என்று தேடுங்கள். முதலில் கிடைப்பது மட்டுமே கணக்கு. பின்னால் வரும் ஐம்பதும் பெரும்பாலும் அதன் வால்கள்.

அடிக்கடி சந்திக்கப்போகிறவை (எண்ணுள்ளவை எம்எஸ்விசியின் எர்ரர்கள்):

சி1083, ஹெடர் ஃபைலைத் திறக்க முடியவில்லை. பெயரைக் கவனியுங்கள். 'யூனிஸ்டிடி' என்று இருந்தால் அந்தக் கோட் யூனிக்ஸுக்கு எழுதப்பட்டது. எம்எஸ்விசியை விட்டுவிட்டு எம்எஸ்ஒய்எஸ்2-க்கு மாறுங்கள். வேறு லைப்ரரியின் ஹெடர் என்றால் லைப்ரரி இல்லை, அல்லது சப்மாட்யூல் வரவில்லை.

எல்என்கே2019, அன்ரிஸால்வ்டு எக்ஸ்டர்னல். ஹெடர் கிடைத்தது, லைப்ரரி கிடைக்கவில்லை. லிங்க் பட்டியலில் லைப்ரரி விடுபட்டிருக்கலாம். அல்லது 32 பிட், 64 பிட் கலந்திருக்கலாம். அல்லது அது ஜிசிசியில் கட்டியதாக இருக்கலாம். ஜிசிசி பக்கம் இதே சங்கடம் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' என்று வரும். அங்கே லைப்ரரிகளைக் கொடுக்கும் வரிசையும் முக்கியம்.

எல்என்கே2038. டிபக் லைப்ரரியை ரிலீஸ் நிரலோடு சேர்க்கிறீர்கள், அல்லது ஸ்டாட்டிக் ரன்டைமையும் (நிரலுக்குள்ளேயே சேரும் அடிப்படை லைப்ரரி) டைனமிக் ரன்டைமையும் (டிஎல்எல்லாக வருவது) கலக்கிறீர்கள். எந்த மதிப்புக்கும் எந்த மதிப்புக்கும் முரண் என்று எர்ரரிலேயே எழுதியிருக்கும்.

எல்என்கே1168. உருவாக்கவேண்டிய இஎக்ஸ்இ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் மூடுங்கள்.

'மின்', 'மேக்ஸ்' வரும் வரிகளில் காரணமே புரியாத எர்ரர். விண்டோஸ் ஹெடர் இந்த இரண்டு பெயர்களையும் மேக்ரோவாக (கம்பைலுக்கு முன் வேறு கோடாக மாற்றப்படும் பெயர்) வைத்திருக்கிறது. 'நோமின்மேக்ஸ்' என்ற டெஃபினிஷனைச் சேருங்கள். பை எண்ணுக்கான 'எம் பை' தெரியவில்லை என்று எம்எஸ்விசி சொன்னால் 'யூஸ் மேத் டிஃபைன்ஸ்' சேர்க்கவேண்டும்.

கம்பைலருக்கு மெமரி போதவில்லை என்று வந்தால் இணை வேலைகளைக் குறையுங்கள். கனமான சி++ திட்டத்தில் ஒரு வேலைக்கு 2 ஜிபி ரேம் என்று கணக்குப் போடலாம். 16 கோர் இருக்கிறது என்பதற்காக 8 ஜிபி ரேமில் 16 வேலை ஓடவிட்டால் கணினியே உறைந்துவிடும்.

10. கம்பைல் ஆகிவிட்டது, ஆனால் ஓடவில்லை

எம்எஸ்ஒய்எஸ்2 விண்டோவில் ஓடும். எக்ஸ்ப்ளோரரில் இரட்டைக் கிளிக் செய்தால் ஏதோ டிஎல்எல் இல்லை என்னும். அந்த விண்டோவின் பாத்தில் டிஎல்எல்கள் இருக்கின்றன, வெளியே இல்லை, அவ்வளவுதான். 'எல்டிடி' கட்டளையில் இஎக்ஸ்இயைக் கொடுத்தால் தேவையான டிஎல்எல்களின் பட்டியல் வரும். அவற்றில் யூசிஆர்டி64 ஃபோல்டரிலிருந்து வருபவற்றை மட்டும் இஎக்ஸ்இயின் பக்கத்தில் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் ஃபோல்டரில் இருப்பவற்றைத் தொடாதீர்கள். காணாத டிஎல்எல்லை இணையத்தில் தேடித் தனியாக இறக்குவது ஆபத்து. எந்தப் பதிப்பு, யார் கட்டியது என்று எதுவும் தெரியாது.

எம்எஸ்விசி பக்கம் 'டம்ப்பின்' கட்டளை அதே வேலையைச் செய்யும். பட்டியலில் 'விசிரன்டைம்140' என்ற பெயரின் இறுதியில் 'டி' எழுத்து ஒட்டியிருந்தால் அது டிபக் பில்ட். பிறருக்குக் கொடுக்க உதவாது, ரிலீஸில் கட்டுங்கள். 0எக்ஸ்சி000007பி என்ற எண்ணோடு நிரல் திறக்க மறுத்தால் பெரும்பாலும் 64 பிட் நிரல் 32 பிட் டிஎல்எல் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

11. உதவி கேட்கும்போது

இவ்வளவுக்கும் பிறகு நகரவில்லையென்றால் திட்டத்தின் இஷ்யூ (பிழைகளைப் பதிவுசெய்யும்) பக்கத்தில் எர்ரர் எண்ணைக் கொண்டு தேடுங்கள். மூடப்பட்ட இஷ்யூக்களையும் சேர்த்துத் தேடவேண்டும். விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். புதிதாகக் கேட்பதானால் கம்பைலரின் பெயரும் பதிப்பும், சிமேக் பதிப்பு, சோர்ஸின் டேக் அல்லது கமிட் எண் (கிட்டில் பதிவான மாற்றத்தின் அடையாளம்), நீங்கள் கொடுத்த கான்ஃபிகர் கட்டளை முழுதாக, முதல் எர்ரரும் அதற்கு முந்தைய இருபது வரிகளும் என இத்தனையும் டெக்ஸ்டாகக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதைத் தேடவும் முடியாது, காப்பி செய்யவும் முடியாது. காலியான பில்ட் ஃபோல்டரில் மறுபடி முயன்றீர்களா என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் முதல் பதிலாக அந்தக் கேள்விதான் வரும்.